சித்திக்காகக் கேட்ட சைக்கிள்

அரசாங்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சைக்கிள், சைக்கிளாக வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது லாரியில் துண்டு துண்டாக வரும். ஃபிரேம்களைக் கீரைக்கட்டு மாதிரி கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, பெல்லும் பெடலும் அட்டைப்பெட்டியில் தனி. எல்லாவற்றையும் பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கிவிட்டு லாரிக்காரர் போய்விடுவார். அப்புறம் யாராவது வந்து அவற்றைப் பூட்டிச் சைக்கிளாக்க வேண்டும். திருவொற்றியூரில் நான் ஆறாம் வகுப்புப் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அந்த வருஷம் அப்படிப் பூட்ட வந்தவள் என் சித்தி.

வழக்கமாக இந்த வேலைக்கு ஆண்கள்தான் வருவார்கள். எங்கள் ஹெச்.எம். மிஸ் பிடிவாதக்காரர். "பொண்ணுங்க படிக்கிற எடம். ஆம்பளைங்க நாள் பூரா மைதானத்துல உக்காந்து பாட்டு கேட்டுட்டு வேலை செய்யிறதெல்லாம் சரிப்படாது" என்று காண்ட்ராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சைக்கிள் வேலை தெரிந்த பெண்ணுக்கு எங்கே போவது? அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே ஊரைச் சுற்றியிருக்கிறார். கடைசியில் மார்க்கெட் பக்கத்தில், ஒரு டயரைக் காலில் மிதித்துக்கொண்டு நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்த பாயம்மாவைப் பார்த்ததும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

பாயம்மா அந்தச் சைக்கிள் கடையின் முதலாளி. வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது கடையை மூட மனசில்லாமல் திறந்து உட்கார்ந்தவர். அவர் திரும்பி வந்த பிறகும், "நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்று அவரை அனுப்பிவிட்டுக் கடையைத் தானே வைத்துக்கொண்டார். அவரிடம் வேலை பார்த்த ஒரே ஆள் என் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கேட்டதில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அவள் இருந்தாள். அம்மா விடியும் முன்பே காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விடுவாள். அப்பா கண்டெய்னர் லாரியில் ஏறிவிட்டால் திரும்பி வருகிற நாள் அவருக்கே தெரியாது. அதனால் எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் சித்திதான். இடுப்பில் குழந்தையோடு போய் நின்றால் எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? பாயம்மா மட்டும், "கொயந்த தானே? அது ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுது. நீ வாம்மே" என்றாராம். நான் தவழ்ந்ததும் நடை பழகியதும் அந்தக் கடைக்குள்தான். கையில் ஒரு பழைய பெல்லைக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வரை அழமாட்டேனாம். தெருக்காரர்கள்தான் அழுதிருப்பார்கள்.

கடையில் சித்தியின் தனி வேலை கோட்டம் எடுப்பது. நெளிந்த சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் ஒதுங்கி ஓடுகிறதோ அந்த இடத்துக் கம்பிகளை மட்டும் சாவியால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, நேராக ஓட வைப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், காபியை விட்டுவிட்டு அவள் நகக்கண்ணில் இருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனது எனக்கு நினைவிருக்கிறது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சித்தி போய்விட்டால் எனக்கு யார் ஜடை போடுவது? அவள் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டி லைனில் சில ஸ்டேஷன் தள்ளிப் போய் இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்தால் இன்றைக்கும் ஏறிக்கொள்ளலாமா என்று இருக்கிறது எனக்கு. சோப்பும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தக் கையின் வாசனை வேறு யாரிடமும் இல்லை.

அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் என் மவுசே தனி. தூங்குமூஞ்சி மரத்தடியில் சாக்கை விரித்துப் பாயம்மாவும் சித்தியும் உட்கார்ந்திருப்பார்கள். இன்டர்வெல் பெல் அடித்ததும் நான் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஓடுவேன். "அது எங்க சித்தி" என்பேன், ஏதோ கப்பல் கட்டுகிறவளைக் காட்டுகிற மாதிரி. புதுப் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்றால் என் சிபாரிசு வேண்டும். அந்த சிபாரிசுக்கு மாங்காய்ப் பத்தையில் ஒரு கடி வாங்கிக்கொள்வேன்.

பூட்டி முடித்த ஒவ்வொரு சைக்கிளையும் மைதானத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பாயம்மாவுக்கு முட்டி வலி. அதனால் சித்திதான் ஓட்டுவாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறுவாள். கொடிக்கம்பம் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, கடைசிக் கட்டடத்தில் பதினோராம் வகுப்பு ஜன்னலுக்கு நேராக வந்ததும் பிரேக் பிடிப்பாள். ஒரு காலைக் கீழே ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பாள். உள்ளே யாராவது பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள். அப்புறம் மெல்ல மிதித்து மரத்தடிக்கு வந்துவிடுவாள். எல்லாச் சைக்கிளுக்கும் அதே இடத்தில்தான் பிரேக்.

"ஏன் சித்தி அங்கயே நிக்கிற?" என்று கேட்டேன்.

"பிரேக்கு புடிக்குதான்னு பாக்க வாணாமா?" என்றாள். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஹெச்.எம். மிஸ் மைதானத்துப் பக்கம் வந்தால், சித்திக்கு உடனே ஃபிரேம் அடுக்கின் பின்னால் ஏதாவது வேலை வந்துவிடும். குனிந்தவள் மிஸ் போகிற வரை நிமிரமாட்டாள். எங்கள் எல்லோருக்குமே ஹெச்.எம். மிஸ் என்றால் பயம். சித்திக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவுண்டு முடித்து இறங்கிய பிறகும் சித்தி உடனே ஹேண்டில்பாரை விடமாட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஊரார் சைக்கிளுக்கெல்லாம் கோட்டம் எடுக்கிறாள், அவளுக்கென்று ஒரு சைக்கிள் கிடையாது. கடைக்கு நடந்து போகிறாள், நடந்து வருகிறாள். இது என்ன நியாயம்? சித்திக்கு ஒரு சைக்கிள் வேண்டும், அதை நான்தான் வாங்கித் தரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

"இதுல ஒண்ணு உனக்குக் குடுக்க மாட்டாங்களா சித்தி?"

"பதினொண்ணாவது படிக்கிறவங்களுக்குத்தான்டி குடுப்பாங்க."

"அப்ப நீ பதினொண்ணாவது சேந்துடு. பத்தாவது பாஸுன்னு அம்மா சொல்லிக்கீது."

பாயம்மா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "கேட்டியாம்மே? உங்க அக்கா பொண்ணு உன்னிய யூனிபார்ம் போட வெச்சிடும் போலகீது" என்றார். சித்தி சிரிக்கவில்லை. கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேரலாம், சேரலாம்" என்றாள்.

எனக்கு அந்தச் சம்மதம் போதும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.எம். ரூம் வாசலில் போய் நின்றேன். திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் காரியம் பெரிதல்லவா.

"மிஸ், பதினொண்ணாவது சேர ஒரு அப்ளிகேஷன் வேணும் மிஸ்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உனக்கா?"

"எங்க சித்திக்கு மிஸ். மரத்தடியில சைக்கிள் பூட்டறாங்களே, அவங்க. பத்தாவது இதே ஸ்கூல்தான் மிஸ்."

"பேரு என்ன?"

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மரத்தடியை வெகுநேரம் பார்த்தார். "கூட்டிட்டு வா" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி, இன்னா வேலை பண்ணிக்கினு வந்துகீற!" என்றாள். சோப்புத் தூளும் மண்ணும் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள். "போம்மே, உன்னிய முழுங்கியா பூடுவாங்க?" என்று பாயம்மா தள்ளிவிட்டார். ரூம் வாசலில் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி நிற்கிற மாதிரி இருந்தது.

ஹெச்.எம். மிஸ் ஒரு காலத்தில் இதே பள்ளியில் சித்திக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவராம். பல ஊர் மாற்றலாகிச் சுற்றிவிட்டு ஹெச்.எம். ஆகத் திரும்பி வந்திருக்கிறார். இதெல்லாம் அவர்கள் பேசியதிலிருந்து நான் தெரிந்துகொண்டது.

"ஒரு வாரமா என் கண்ணு முன்னாடி இருந்திருக்க. ஒரு வார்த்தை பேசணும்னு தோணலையா உனக்கு?"

சித்தி தரையைப் பார்த்தாள்.

"ஃபர்ஸ்ட் குரூப்ல உனக்கு சீட்டு போட்டு வெச்சிருந்தேன். ஜூன் மாசம் பூரா தெனமும் அட்டெண்டன்ஸ்ல உன் பேரக் கூப்பிட்டுப் பாத்தேன். ஏம்மா வரல?"

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரிப்பன் அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பார்வை, அவ்வளவுதான். அப்புறம் மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்:

"படிப்பு ஏறல மிஸ்."

எனக்கு அவமானமாகவும் பாவமாகவும் இருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் அப்ளிகேஷன் கேட்டு வந்திருக்கவே மாட்டேனே. மிஸ் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அவரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்குப் பொறந்த நாள் எப்போ?"

எனக்கு ஒரே ஆனந்தம். பிறந்த நாளன்று கலர் டிரஸ் போட்டு வரும் பிள்ளைகளுக்கு ஹெச்.எம். மிஸ் ஒரு பேனா கொடுப்பார். "ஏப்ரல் மாசம் மிஸ்" என்றேன். எந்த வருஷம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். சித்தியிடம் அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிளஸ் டூவ பிரைவேட்டா எழுதலாம். நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

"அதுக்கு சைக்கிள் குடுப்பாங்களா மிஸ்?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் மிஸ். சித்தி சிரித்துவிட்டாள். மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்கலாம் மிஸ்" என்று சொல்லிவிட்டுச் சித்தி என் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

சைக்கிள் விஷயம் அத்தோடு போயிற்று. ஆனால் சித்திக்குப் படிப்பு ஏறவில்லை என்கிற துக்கம் எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே அவளை எதிரே உட்காரவைத்துப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்கிற அதே தப்பு. நான் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டுவிட்டு, கீழே இருக்கிற எண்ணை முதலில் சமமாக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"அப்டியா டீச்சர்?" என்றாள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட மாதிரி இதுவரை யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அடுத்த கணக்கைச் சரியாகப் போட்டாள். அதற்கு அடுத்ததையும். நான் சொல்லிக்கொடுத்தது நன்றாக இருந்திருக்க வேண்டும்.

சைக்கிள் கொடுத்த நாளில் மேடை, மாலை, போட்டோ எல்லாம் முடிந்து, பெரிய பெண்கள் மணியடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். கேட்டருகே சித்தி பம்பை வைத்துக்கொண்டு, குறைந்திருந்த டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெண்ணிடமும், "இன்னா குரூப்பும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தாள். ஹெச்.எம். மிஸ் அந்தப் பக்கம் வந்தார். நான் ஓடிப்போய் நல்ல செய்தியைச் சொன்னேன்.

"மிஸ், எங்க சித்திக்கு இப்போ படிப்பு ஏறுது மிஸ்!"

அவர் என் தலையில் கையை வைத்தார். அப்படியே சித்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஏப்ரலில் அவர் கொடுத்த பேனாவை வாங்கிக்கொண்டு, இதற்காகத்தான் அன்றைக்குப் பிறந்த நாளைக் கேட்டு வைத்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தி பத்தாவது பரீட்சை எழுதி முடித்தது எந்த ஏப்ரல் என்று கணக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை. நான் பிறந்த அந்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அம்மா கம்பெனிக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. மிஸ் அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிட்ட காலை நேரங்களில் எல்லாம் சித்தி என்னைத்தான் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.