வீட்டுக்குள் புகை ஆகாது

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற நானும் இப்படிக் கதைகளைக் கேட்டுச் சிரித்தவள்தான். இனயம் என்கிற எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நாகர்கோவிலில் வேலை கிடைத்து, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று தெருத்தெருவாகச் சொல்லக் கேட்ட பிறகுதான் அந்த மாடி வீடு அமைந்தது. கீழே வீட்டுக்கார அக்கா மட்டும், கணவர் இறந்துவிட்டார். சாவியைத் தரும்போது ஒரே நிபந்தனைதான் சொன்னார்.

"வீட்டுக்குள்ள பீடி, சிகரெட் புகை ஆகாது மக்கா. யாரு வந்தாலும் சரி."

முதல் வாரமே, விளக்குப் போடும் நேரத்தில் அடுக்களையில் பீடி நாற்றம். ஜன்னலைச் சாத்தினால் இன்னும் கூடியது. அக்கா படியேறி வந்தார்.

"எவன ஏட்டி உள்ள வச்சிருக்க?"

"தேடிப் பாருங்க. ஆள் இல்லன்னா இனி அந்தப் பேச்சு வேண்டாம்."

தேடினார், ஆள் இல்லை; ஆனாலும் இன்னொரு தடவை நாறினால் காலி செய் என்று இறங்கிப் போனார். இந்தக் காரணத்துக்காக வீட்டைக் காலி செய்தால், எனக்கு முன்னால் செய்தி ஊர் போய்ச் சேரும். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். வேலையும் அதோடு முடிந்தது. நான் விடவில்லை. மறுநாள் அவரையே என் அடுக்களையில் உட்காரவைத்து, கதவு ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. விளக்குப் போட்டதும் வந்தது நாற்றம், எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து.

அக்கா மூச்சை இழுத்து முகர்ந்தார். "அவருக்க பீடிதான். நாங்க இங்க மேல இருந்தப்ப, மழையானாலும் வெளிப்படியில போயி இருங்கன்னு வெரட்டுவேன். அங்க இருந்தபடியே போயிட்டாரு."

நான் எழுந்து வெளிப்படிக் கதவைத் திறந்தேன். "அண்ணாச்சி, இப்ப இது நான் குடியிருக்கிற வீடு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வெளிய போயி வலிங்க."

நாற்றம் என்னைக் கடந்து வெளியே போனது. காற்றோ உள்ளே வீசிக்கொண்டிருந்தது, சத்தியமாக.

அதன் பிறகு அது வீட்டுக்குள் வரவில்லை. நானும் காலி செய்யவில்லை. ஆனால் மழை பெய்கிற சாயங்காலங்களில் அக்கா மேலே வந்து நிற்கிறார்.

"சாரல் அடிக்குது மக்கா. இன்னைக்கு மட்டும் அவர உள்ள விடேன்."

முடியாது அக்கா என்றுதான் சொல்கிறேன். அவர் போனபின் எட்டிப் பார்த்தால், கூரையில்லாத அந்தப் படியில் தண்ணீர் வழிந்தோடுகிறது; ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் மட்டும் நனையாமல் இருக்கிறது.