யாருடைய வேர்வை

என் ஓரகத்தியின் விரல்களுக்கு ஈரம் தெரியாது. பதினொரு வருடம் சுண்ணாம்புச் சாந்து குழைத்துக் குழைத்துத் தோல் தடித்துவிட்டது. சுவர் காய்ந்ததா என்று பார்க்க அவள் கன்னத்தைத்தான் வைப்பாள். அதனால் வேலையிடத்தில் அவளுக்குக் ‘கன்னத்துக்காரி’ என்றே பெயர்.

“புருஷனுக்கு இல்லாத கொஞ்சல் சுவருக்கா?” என்று கேலி செய்வார்கள்.

“சுவர் எதுத்துப் பேசாதுல்ல, அதான்” என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு குளியலறைச் சுவருக்கு, ஈரம் இருக்கிறது என்று தெரிந்தும், மேஸ்திரி சொன்னாரே என்று எண்ணெய் கொடுத்தாள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் ஆளிவிதை எண்ணெயைச் சூடாகத் தேய்த்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை. இருபதே நாளில் சுவர் கொப்பளித்துப் பாளம் பாளமாக விழுந்தது. பழி அவள் தலையில் விழுந்தது. பூச்சுக் கரண்டியை வாங்கிக்கொண்டு, மறுபடியும் சாந்துச் சட்டி சுமக்க அனுப்பிவிட்டார் மேஸ்திரி.

ஆறு மாதம் கழித்து, பூச ஆள் கிடைக்காமல்தான் இந்தச் சலவைக் கூடத்தை அவளிடம் கொடுத்தார். இதுவும் விழுந்தால் ஆயுசுக்கும் சித்தாள்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பக்கத்து அறையில் பாய்லர் ஓடியது. கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி முகத்தில் அடித்தது. நான் தரையில் உட்கார்ந்து, மேஸ்திரி சொல்லி அடுப்பில் ஏற்றிய எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னிக்கே எண்ணெய் கொடுத்துடு. நாளைக்கு மெஷின் வருது” என்றார் மேஸ்திரி.

“இன்னும் அஞ்சு நாள் வேணும்ண்ணே. உள்ள ஈரம் இருக்கு.”

“வெள்ளை வெளேர்னு காஞ்சு நிக்குது. உன் கன்னத்துக்குச் சளி பிடிச்சிருக்கா?”

முந்தின நாளே பாய்லர் பக்கத்துச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டியிருந்தாள். அதைக் காட்டினாள். தாள் முழுக்க நீர்த்துளி.

அப்போதுதான் கூடத்தின் முதலாளியம்மா உள்ளே வந்தார். “என்ன தகராறு?”

“சுவர் வேர்க்குதும்மா” என்றாள் ஓரகத்தி.

“சுவர் என்ன மூட்டையா தூக்குச்சு, வேர்க்கறதுக்கு?” மேஸ்திரி சிரித்தார். “இது ரூம்ல இருக்கற ஆவிம்மா. தாளுக்கு மேல படிஞ்சிருக்கு.”

“துடைச்சா தெரிஞ்சுடும். வெளியில இருக்கறது துணியோட வந்துடும். சுவர்லேர்ந்து வந்தது தாளுக்கு உள்ளேயே நிக்கும்” என்று சொல்லி, முந்தானையால் மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

அத்தனை துளியும் துணியோடு வந்துவிட்டது. தாள் பளிச்சென்று இருந்தது.

“பாத்தீங்களாம்மா!” என்றார் மேஸ்திரி. “எடு அந்த எண்ணெயை.”

ஓரகத்தியின் கை தாளின்மேல் அப்படியே நின்றுவிட்டது. முதலாளியம்மா கிளம்பத் திரும்பினார். தரையில் இருந்து பார்த்த எனக்குத் தாளின் அடி ஓரம் மட்டும் லேசாகப் பனி மூடினதுபோல் தெரிந்தது. பெரியவர்கள் நிற்கும்போது எனக்கு வாய் வராது. அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அக்கா, கீழ.”

அவள் குந்தி உட்கார்ந்து துடைத்தாள். பனி போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. முதலாளியம்மா திரும்பி வந்து, குனிந்து, தன் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. அழுத்தின இடத்தில் ஊசிமுனைத் துளிகள் ஒன்றாகச் சேர்ந்து, தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஓடி இறங்கின.

முதலாளியம்மா கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

“மெஷினை அடுத்த வாரம் இறக்கச் சொல்றேன்” என்றார் அந்த அம்மா.

அவர் போனதும் மேஸ்திரி ஓரகத்தி பக்கம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “வேலை கொடுத்தவங்க முன்னாடி என்னை மட்டம் தட்டிட்டே. இந்தச் சுவரை முடி. அடுத்த கட்டடத்துக்கு வராதே.”

அவள் நனைந்த முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சரிண்ணே. இது கன்னத்துக்காரி பூசின சுவர்னு சொல்லி, வேற இடத்துல வேலை கேட்டுக்கறேன். அதுக்கு இது நிக்கணும்ல.”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“என்னடி பாத்துக்கிட்டு இருக்கே? எண்ணெய் தீயுது, இறக்கு.”