போனில் திறக்காத ஃபைல்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வேலைக்காக ஊர் ஊராய் அலையக் கிளம்பியவன் நான். ஓசூரில் வேலை தேடியபோது, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 'வேலை உத்தரவு' என்று ஒரு ஃபைல் வந்தது. போனில் திறக்கவில்லை. பிரிண்ட் எடுக்க கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அதை அங்கிருந்த கம்ப்யூட்டரில் இறக்கி, திறக்க நானே மவுஸைப் பிடித்தேன்.

கடை வைத்திருக்கும் மஞ்சுளா பதறினார். "தொடாதீங்கண்ணா! பேரு கடைசியில டாட் இஎக்ஸ்இ-ன்னு இருக்குது. இது லெட்டர் இல்ல, புரோகிராம். தொறந்தா உள்ள பூந்து எதையும் அழிச்சிடும். ஊரு சனத்தோட சர்டிபிகேட்டெல்லாம் இந்த கம்ப்யூட்டர்லதான் கெடக்குது. அழிஞ்சா நீங்களா தருவீங்க?"

"போன்ல ஒண்ணும் ஆகலையேம்மா?"

"கன்னடத்துல 'ஓடு'ன்னு சொன்னா, கன்னடம் தெரியாத நீங்க நிப்பீங்க, தெரிஞ்ச நான் ஓடுவேன். போனுக்கு இது புரியல. இந்த கம்ப்யூட்டர்ல ஓடுற விண்டோஸுக்குப் புரியும்."

வேலை பொய்யென்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளும் வேலை தேடி நடந்தேன்.

இப்போது எந்த ஃபைல் வந்தாலும் பெயரின் வாலைத்தான் முதலில் பார்க்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து, என் போனுக்குப் புரிகிற புரோகிராமான ஏபிகே வந்தாலும் தொடுவதில்லை. என் போன் திறக்காததை அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பதுமில்லை.