பச்சைச் சாப்பாடும் என் அடுப்பும்

என் கணவர் பச்சையாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் நான் வாழ்நாளிலேயே அதிகமாக அடுப்பூதினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சமையலே இல்லாத வீட்டில் உனக்கென்ன வேலை என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மலாயாவில் ஈப்போவுக்கு எட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் சின்னக் கிராணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு வயிறு எரியும். சில நாள் நிற்க முடியாமல் பாதியிலேயே திரும்பி வந்து சுருண்டு படுத்துவிடுவார். நாலாவது தடவை அப்படி ஆனதும் துரை கூப்பிட்டு, இன்னொரு நாள் பெரட்டுக்கு வராவிட்டால் வேறு கிராணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும், அது தோட்டத்து வீடு. கப்பலேறி ஊருக்குப் போனால் அங்கே எங்களுக்கென்று இருந்தது என் அம்மா ஒருத்திதான். அவளே அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

அப்போதுதான் ஊரிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் தபாலில் ஒரு சின்னப் புத்தகம் அனுப்பினார். தீயில் பட்டதெல்லாம் செத்த சாப்பாடு, பச்சையாகத் தின்றால் வயிற்று நோய் பறந்துவிடும் என்று அதில் இருந்தது. அவர் சாயங்காலத்துக்குள் அதை இரண்டு முறை படித்துவிட்டார்.

"நாளையிலேருந்து அடுப்பு பத்த வைக்காதே," என்றார்.

"எனக்குமா?"

"உனக்கும்தான். நீ ரசம் தாளிச்சிக்கிட்டு இருந்தா நான் எப்படிப் பச்சையா திங்கறது?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்த மடத்தனத்துக்கு இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்தான்.

மறுநாள் முட்டைக்கோசை நறுக்கித் தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். ஊறவைத்த பாசிப்பயறு, வெல்லம் கலந்த பச்சரிசி. மூன்று வேளையும் இதுதான். அடுப்பு இல்லை என்றால் காய்ச்சின தண்ணீரும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. ஆற்றுக்கு மேலே ஈயம் தோண்டும் லம்பம். மண்ணைக் கழுவிவிட்ட தண்ணீர் பால் காப்பி நிறத்தில் வரும். அதைத் தெளியவைத்து அப்படியே குடித்தோம், கழுவினோம், ஊறவைத்தோம்.

காய்கறி கொண்டுவரும் சீனர் அன்று மத்தியானம் தோளிலிருந்து கூடைக் காவடியை இறக்கினார். இன்னொரு முட்டைக்கோசை எடுத்து, இதைப் பச்சையாகத் தின்கிறோம் என்று கையால் காட்டினேன். மனுஷர் பதறிப்போனார்.

"மெந்தா தா போலே! மாசாக், மாசாக்!" என்று மலாயில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பச்சையாகக் கூடாது, சமை என்று அர்த்தம். அவர் பாத்திக்கு எந்தக் கக்கூஸ் வாளியிலிருந்து எருவை ஊற்றுகிறார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கொதிக்கவைத்துத் தின்கிறவரை யாரும் அதைப் பேசுவதில்லை. விளைவித்தவரே வேண்டாம் என்கிறார் என்று என் கணவரிடம் சொன்னேன்.

"புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலியே," என்றார்.

"புஸ்தகம் எழுதினவரு இந்த ஆத்துல தண்ணி மொண்டாரா?"

அவர் பயறை மென்றுகொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம், பால்மரம் வெட்டி முடித்த கையோடு கூலி லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் கங்காணியின் மனைவி. கையில் மூடிய சட்டி. வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"முந்தாநாள் தபால்காரன் ஊர்லேருந்து கட்டு கொண்டாந்தானாமே. அதுலேருந்து உங்க வீட்டு அடுப்புல பொகையே இல்ல. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா தாயி?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரிலிருந்து தபால், மறுநாள் அடுப்பில் பூனை தூங்குகிறது. கடல் தாண்டி வந்த சனத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்க வேண்டும்.

இல்லை அக்கா, இவர் பச்சையாகத் தின்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ சட்டியைத் திறந்தார்கள். சுடுசோறு, மிளகு ரசம், கருவாட்டுத் துண்டு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பசியும் ஆத்திரமும் சேர்ந்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை.

"ஆத்தாவா?" என்று கேட்டார் கங்காணியின் மனைவி.

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்து கையில் உருட்டி வைத்தார். சாப்பிட்டேன். உயிரோடு இருக்கும் அம்மாவின் துக்கச் சோற்றை மூன்று கை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னபோது சிரித்தார். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடு என்றார். விடியுமுன் அவருக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போக ஆரம்பித்தது. பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்தபோது அவரால் சுவரைப் பிடித்துக்கொண்டுகூட நிற்க முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கங்காணி எங்களைக் கேட்காமலே துரையிடம் சொல்லியிருந்தார்: கிராணி வீட்டில் துக்கம், கிராணியம்மாவின் தாயார் தவறிவிட்டார். துரை தொப்பியைக் கழற்றினாராம். மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னாராம். வேலை தப்பியது. அதற்குப் பிறகு உண்மையை யாரிடம் போய்ச் சொல்வது?

உண்மை தெரிந்தவர் டிரெசர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். மருந்து கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பச்சையாத் தின்னுறது பிழையில்லை, ஐசே. ஒரேயடியா விழுந்ததுதான் பிழை. முதல்ல ஒரு நேரம் மட்டும். தோல் உரிக்கிற பழமாப் பாருங்கோ. வெள்ளரிக்காய் எண்டால் கொதிக்கிற தண்ணியில முக்கித் தோலைச் சீவ வேணும். பயறு ஊறப்போடுறது கொதிச்சு ஆறின தண்ணியில. கீரையும் கோவாவும், அதுதான் உங்கட முட்டைக்கோசு, பச்சையாத் தொடவே கூடாது. மரவள்ளி பச்சையிலே நஞ்சு. மற்ற ரெண்டு நேரமும் குழையக் காய்ச்சின கஞ்சி. விளங்குதோ?"

அவருக்கு விளங்கியது. வேலை எனக்கு வந்தது. குடிக்க ஒரு பானை, கழுவ ஒரு பானை, பயறு ஊற ஒரு சட்டி, கத்தியும் பலகையும் முக்கி எடுக்க இன்னொரு சட்டி. எல்லாவற்றுக்கும் விறகு, ஊதுகுழல், கண்ணெரிச்சல். நடுவில் கஞ்சி வேறு. ஒரு வெள்ளரிக்காயைப் பச்சையாகத் தட்டில் வைப்பதற்குள் நான் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்துவிடுவேன். அவர் பப்பாளித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, உனக்கு இப்போது எவ்வளவு வேலை மிச்சம் பார் என்பார். ஒரு நாள் ஊதுகுழலை அவர் மேலேயே எறிந்தேன். படவில்லை.

ஆனால் வயிற்றெரிச்சல் குறைந்தது. பழமா, கஞ்சியா, மருந்தா, யார் கண்டார்கள்? ஒரு பெரட்டுக்கூடத் தவறவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் புத்தகம்தான் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டுக்கொண்டு நிற்பேன். பற்றிக்கொண்டு வரும்.

நாலு மாதம் கழித்து அண்ணனின் கடிதம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. கருமாதியும் முடிந்துவிட்டதாம். கடைசி வாரம் முழுக்க என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

என் கணவர் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெளியில அழுதுடாதே. கேட்டா என்ன சொல்றது? தொரைக்குத் தெரிஞ்சா பொய் சொல்லி லீவு எடுத்தேன்னு ஆயிடும். கங்காணி பொழப்புக்கும் ஆபத்து."

சொல்லிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போனார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. என் அம்மாவுக்கு இந்தத் தோட்டத்தில் கிடைக்கவேண்டிய அழுகையை எல்லாம் நான் பசிக்குத் தின்று தீர்த்திருந்தேன்.

கொல்லைப்புறம் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அடுப்பை அணைக்கலாம் என்று ஈரப் புடவையோடு உள்ளே வந்தேன். அணைத்தால் புகை நிற்கும். புகை நின்றால் சட்டியோடு வருவார்கள். விறகை இழுக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

வேலி ஓரமாகக் கங்காணியின் மனைவி போய்க்கொண்டிருந்தார். என் ஈரத்தலையைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, எண்ண தேச்சு முழுகினியா?"

"ஆமாக்கா," என்றேன்.

"நல்லா துவட்டு. சளி பிடிச்சிக்கும்."

அவர் போய்விட்டார். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் ஆபீஸிலிருந்து வரும் நேரம். வெள்ளரிக்காயை எடுத்து அதில் முக்கினேன்.