மாப்பிள்ளை கேட்ட ஸ்டெல்லா

போன செவ்வாய்க்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது என் தோழி ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் சவரிமுத்து அண்ணனின் போன் வந்தது. "ஸ்டெல்லா போயிட்டாம்மா. தூக்கத்துலயே போயிட்டா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவளை நினைத்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அழுகை அதற்கப்புறம். அவளோடு பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது.

திண்டிவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தோம். அவள் நர்ஸ், எனக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஊசிக்கு அலறும் ஆண்களிடம், "கத்தறதுன்னா நல்லா கத்துங்க, எனக்கும் பொழுது போவணும்" என்பாள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஊசி போட்டிருப்பாள்.

நாங்கள் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மார்கழியில் ஒரு ஞாயிறு மதியம், "வா கலா, பிரியாணி செரிக்கட்டும், கொஞ்சம் நடப்போம்" என்று பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டம். வேப்பமர நிழலில் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நிதானமாக நடந்தோம். யாரோ ஒரு துரையின் கல்லறைமேல் ஆடு ஒன்று படுத்திருந்தது. நான் விரட்டப் போனேன். "வுடு, அவருக்கும் பேச்சுத்துணை வேணுமில்ல" என்றாள்.

கடைசி வரிசையில் புதிதாக வெள்ளையடித்த ஒரு கல்லறைமுன் நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இவங்க லூர்து மேரி. சவரிமுத்து சாரோட சம்சாரம்."

விழுப்புரத்து பஸ் டிரைவர் சவரிமுத்துவை எனக்கும் தெரியும். மனைவியின் கல்லறையைப் பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போவார்.

"என்னைக் கட்டிக்கறேங்கறாரு. நான் இன்னும் பதில் சொல்லல. ஊரு சிரிக்கும், நாங்க வர மாட்டோம்னு தம்பிங்க சொல்லிட்டாங்க."

அந்தத் தம்பிகளைப் படிக்கவைக்கத்தான் அவள் அதுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உனக்கு இஷ்டமா?" என்றேன்.

தலையாட்டினாள். பிறகு கல்லறையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அக்கா, நான் ஸ்டெல்லா. உங்க வூட்டுக்காரரை நான் பாத்துக்கட்டுமா? உங்க இடத்தைக் கேக்கல. கொஞ்சம் நகந்து உக்காந்தீங்கன்னா போதும்."

நிஜமாகவே பதிலுக்குக் காத்து நின்றாள். அந்த நேரம் பார்த்து ஆடு கத்தியது.

"கேட்டியா, சரின்னுட்டாங்க!" என்று வெடித்துச் சிரித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். வாயிற்காவலர் எட்டிப் பார்த்தார்.

"தம்பிங்க?" என்றேன்.

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். சிரிக்க வெக்கறதுதானே நம்ம வேலை!"

தை மாதம் விழுப்புரத்தில் கல்யாணம். தம்பிகள் வரவில்லை, அடுத்த கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் லூர்து மேரியின் படம் மாட்டியிருக்கும். மல்லிகைச் சரத்தை அதற்குச் சூட்டிய பிறகுதான் ஸ்டெல்லா தன் தலையில் வைத்துக்கொள்வாள். போன புதன்கிழமை அவள் சவப்பெட்டியைத் தம்பிகள்தான் தூக்கினார்கள்.

வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் துணிச்சலை அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டேன். என் கணவர் போனபின் மகன் வீட்டில் எதையும் கேட்கக் கூசுபவள் நான். இன்று காலை, "கடலைப் பாக்கணும்போல இருக்குடா, கோட்டக்குப்பம் வரைக்கும் கூட்டிக்கினு போறியா?" என்றேன்.

"இத கேக்க இவ்ளோ நாளாம்மா?" என்று வண்டிச் சாவியை எடுத்தான்.