நார்மாவின் மஞ்சள் தாள்

நார்மா ட்வைட் இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளின் கணக்கு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மினசோட்டாவில் எல்ம் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் அவளுக்கு ஆலோசகர் வேலை. ஆலோசனை மட்டும் அவளிடம் வாங்கிவிட முடியாது. எதைக் கேட்டாலும், "அது உங்க குடும்பத்தோட முடிவு" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவாள்.

விஷயம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் முதல் ஆல்ஜிப்ரா, பத்தில் ஜியோமெட்ரி, பதினொன்றில் இரண்டாம் ஆல்ஜிப்ரா, பன்னிரண்டில் பிரீகால்குலஸ். வரிசை பிசகாமல் நல்ல பிள்ளையாக நடந்துபோகிறவர்கள் கால்குலஸின் வாசலில் நின்று படிப்பை முடித்துக்கொள்வார்கள். கால்குலஸ் இல்லாமல் எஞ்சினியரிங் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. தாண்டிப்போக வழி இரண்டு. கோடை விடுமுறையில் ஆறே வாரத்தில் ஜியோமெட்ரியை விழுங்குவது ஒன்று. பிடித்த பாடம் ஒன்றை விட்டுவிட்டு ஒரே வருடத்தில் இரண்டு கணக்கு எடுப்பது இன்னொன்று. எதுவானாலும் பெற்றோர் ஒரு மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் பள்ளியின் இணையதளத்தில் கிடையாது. நார்மாவின் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை, "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால" என்று கை நீட்டுவார்கள். காபியோ கேக்கோ பனியில் மாட்டிய வண்டிக்கு ஒரு தள்ளோ, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லாதவன்.

தலைமையாசிரியை திருமதி பெல்ட்ரான் அரிசோனாக்காரி. ஏழு வருடத்துக்கு முன் வந்தாள், வந்த வருடமே சட்டம் போட்டுவிட்டாள். "மஞ்சள் தாள் பத்தி ஒரு தடவை சொல்லுங்க நார்மா. வேணாம்னா விட்டுடுங்க. யாரையும் நெருக்கக் கூடாது." கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். நார்மா அந்த ஊரிலேயே பிறந்தவள். ஒரு தடவை கேட்பது கேட்காததற்குச் சமம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறக்கவில்லை. கோடை வகுப்பில் முப்பத்திரண்டு இடம்தான். எல்லோரும் சரி என்றால் அவள்தான் அல்லாட வேண்டும். இதைச் சோம்பல் என்பதா, கோழைத்தனம் என்பதா? இரண்டும்தான்.

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை, அடுத்த வருடப் பாடங்களைக் குறித்த அட்டையில் பெற்றோர் கையெழுத்துப் போடக் கடைசி நாள். காலையில் முதல் ஆளாகப் பல் டாக்டர் ஹாஸ் வந்தாள். சிகாகோவிலிருந்து குடியேறியவள். உட்காரக்கூட இல்லை.

"மஞ்சள் தாள் ரெண்டு குடுங்க. ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்."

"உங்க பையன் ஆல்ஜிப்ராவுலயே கொஞ்சம் தடுமாறுறான் டாக்டர்."

"அதனாலதான் சீக்கிரம் தாண்டிடலாம்னு பாக்குறேன்."

குடும்பத்தின் முடிவு என்று நார்மா இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தாள். கோடை வகுப்பில் மீதி ஒரே ஒரு இடம்.

பதினோரு மணிக்கு ராய்ஸ் ஹெக்ஸ்ட்ரம் மகளோடு வந்தான். வீட்டு வாசல்களிலும் கடை வாசல்களிலும் பனி தள்ளுவது அவன் தொழில். மகள் அனிகாவுக்கு ஒன்பதாம் வகுப்பு, ஆல்ஜிப்ராவில் தொண்ணூற்றெட்டு. 'பாலம் கட்டுகிற எஞ்சினியர் ஆக வேண்டுமாம்' என்று ஆசிரியர் அட்டையின் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். அட்டையில் பத்தாம் வகுப்புக்கு ஜியோமெட்ரி என்று கணினி அச்சடித்திருந்தது. ராய்ஸ் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"எல்லாம் சரியா இருக்கில்ல மேடம்?"

"இருக்கு. கோடையிலேயே ஜியோமெட்ரியை முடிச்சுட்டா இவ கடைசி வருஷம் கால்குலஸ் படிக்கலாம். அதுக்கு ஒரு தாள் இருக்கு. வேணுமா?"

"வேணாம் மேடம், பரவாயில்ல. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அனிகா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நார்மா கணினியில் 'மறுத்துவிட்டார்கள்' என்ற கட்டத்துக்குப் போனாள். அதே குடும்பத்தின் பழைய பதிவு ஒன்று கீழே தெரிந்தது. அண்ணன், நெல்ஸ் ஹெக்ஸ்ட்ரம். ஒன்பதாம் வகுப்பு ஆல்ஜிப்ரா தொண்ணூற்றேழு. கோடை ஜியோமெட்ரி: மறுத்துவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. பதிந்தவர் நார்மா ட்வைட்.

நார்மா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ராய்ஸ், ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கு. எழுதிக்கவா?"

"அட, வேற யாராவது பிள்ளைக்குக் கொடுங்க. இவளுக்கு இதுவே போதும்."

திருமதி பெல்ட்ரானின் சட்டம் முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது. நார்மா இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"இவளுக்கு இது வேணும் ராய்ஸ். நான் சொல்றேன், போடுங்க."

"சரி மேடம்." உடனே பேனாவை எடுத்துவிட்டான். "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால."

அனிகாவின் முகம் காது வரை சிவந்தது. வீட்டில் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டாள்; கேட்டால் பேராசைக்காரி ஆகிவிடுவாள். அப்பா பெயரை எழுதி முடிக்கும்வரை தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணன் படிக்கிறப்பவும் இந்தத் தாள் இருந்துச்சா மேடம்?"

"இருந்துச்சு."

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எத்தனை தடவை?"

"அனிகா! பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்றான் ராய்ஸ்.

"ஒரு தடவை," என்றாள் நார்மா.

ராய்ஸ் திட்டவில்லை. அந்த ஊரில் திட்ட மாட்டார்கள். கம்பளித் தொப்பியை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவன் வெளிய வண்டியில இருக்கான் மேடம். எங்கூடத்தான் பனி தள்ளுறான். முடிஞ்சா நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்குச் சொல்லத் தெரியாது."

குடும்பத்தின் முடிவு என்று சொல்ல நார்மாவுக்கு வாய் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தனியாக வெளியே போனாள். வாகன நிறுத்தத்தில், முன்னால் பனி தள்ளும் தகடு கட்டிய லாரி உறுமிக்கொண்டிருந்தது. இருபது வயது நெல்ஸ் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவன் கண்ணாடியை இறக்கினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோடை வகுப்பு, மஞ்சள் தாள், அவன் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டது, அது போதாது என்று தெரிந்தே விட்டது. தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள்.

நெல்ஸ் சாண்ட்விச்சைக் காகிதத்தில் மடித்து வைத்தான்.

"அப்படின்னா, எனக்குக் கணக்கு வராதுன்னு நீங்கல்லாம் முடிவு பண்ணலையா?"

"யாரும் அப்படி நினைக்கலப்பா. நீ தொண்ணூத்தேழு வாங்குனவன்."

"வகுப்புல என் பக்கத்துல இருந்தவன் வாங்குனது எண்பது. அவனைக் கோடை வகுப்புல சேத்தீங்க, என்னை விட்டுட்டீங்க. என்கிட்ட என்னமோ குறை இருக்கு, அது மார்க்குல தெரியாது, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம். இன்னிக்குக் காலைல வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்."

ராய்ஸும் அனிகாவும் வந்து ஏறும்வரை நார்மா அந்தக் குளிரில் அப்படியே நின்றாள்.