‘வராது’ என்ற சொல் வராத மாலை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலியின் வீடு. முன்னறையில் கணவன் ஜெயக்குமாரின் தறி ஓடும். பின்னறையில், ஜன்னலை ஒட்டி அவளுடைய மேசையும் கணினியும். சென்னையில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். செல்போன் திரையில் மணியடித்து வந்து விழுகிற அறிவிப்புகள் இருக்கின்றனவே, கடைத் தள்ளுபடி, பள்ளி விடுமுறை என்று, அவற்றை அனுப்பித் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். அனுப்பச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள். அவரவர் மொழியில் ஒரே வரியில் ‘இதை அனுப்பு’ என்று சொல்லிவிட முடிகிறபடி ஆயத்த நிரல்களைச் செய்து கொடுப்பது குழலியின் வேலை. லைப்ரரி என்பார்கள். ஆறு வருஷத்தில் ஐந்து மொழிகளுக்கு எழுதியிருந்தாள்.

புதிதாக ஒரு மொழியைத் தொட்டால் அவள் முதலில் பார்ப்பது, ‘ஒன்றுமில்லை’ என்பதை அது எப்படிச் சொல்கிறது என்பதைத்தான். ஒன்று ‘நன்’ (None) என்கிறது, இன்னொன்று ‘நல்’ (null) என்கிறது, மற்றொன்று ‘நில்’ (nil) என்கிறது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை கந்தன் என்பவர் போன் செய்தார். ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். கல்லூரிக்கு வந்துபோகிற பிள்ளைகளுக்காகப் பேருந்து நேரம் சொல்லும் ஒரு செயலியைத் தானே எழுதி நடத்தி வந்தார், பிஎச்பி என்ற கணினி மொழிக்குக் குழலி எழுதிய லைப்ரரியை வைத்து. முந்தின நாள் சாலை வேலை காரணமாகப் பேருந்தை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். அவர் உடனே அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்.

“நான் அனுப்புனது ‘இன்று மாலை 5.40 மணி பேருந்து ஐயம்பேட்டை வழியாக வராது’. போன்ல வந்தது ‘ஐயம்பேட்டை வழியாக’ வரிக்கும்தான் மேடம். அதுக்கப்பறம் ஒரு கறுப்புக் கட்டம், அதுக்குள்ள கேள்விக்குறி. இருபது பேருக்கு மேல ஸ்டாப்புல நின்னுக்கினே இருந்தாங்க.”

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் குழலிக்கு அதிகம் உறுத்தியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மதியமே ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போனாள். கந்தன் தன் போனை நீட்டினார். ‘வழியாக’ என்பதோடு வாக்கியம் முடிந்திருந்தது. பார்க்கிற எவரும் பேருந்து அந்த வழியாகத்தான் வருகிறது என்று நம்புவார்கள். அவளே கூட நின்றிருப்பாள்.

காரணத்தின் பாதி அவளுக்கு வழியிலேயே பிடிபட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால், திரையில் கொள்ளாத நீளச் செய்திகளை நூற்றிருபது எழுத்தோடு நறுக்கிவிடும் வசதியை இரண்டு வருஷத்துக்கு முன் அவள்தான் சேர்த்தாள். ஆனால் இது அவ்வளவு நீளமான வாக்கியமே இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் கந்தனின் வாக்கியத்தை ஐந்து மொழிகளிலும் கொடுத்து நீளம் என்ன என்று கேட்டாள். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐம்பத்திரண்டு என்றன. பிஎச்பி நூற்று முப்பத்து நான்கு என்றது. கோ மொழியும் அதையே சொன்னது. ஸ்விஃப்ட் மட்டும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை எண்ணி, முப்பத்தைந்து என்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டாள். ஐந்தும் சரியான விடைதான், எண்ணுகிற பொருள்தான் வேறு. கணினியின் உள்ளே ‘வ’ ஒரு குறி. ‘ரா’ என்பதோ ர ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகள். அந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். பிஎச்பி போலப் பைட்டை எண்ணுகிற மொழியில் அவளுடைய நறுக்கல், ‘வராது’வின் முதல் எழுத்தை மூன்றில் ஒரு பங்கில் வெட்டியிருந்தது. கறுப்புக் கட்டம் அந்த மிச்சம். கோ லைப்ரரியிலும் அதே தவறு இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஆங்கிலத்திலேயே அனுப்பியதால் யாருக்கும் தெரியவில்லை.

டீ குடிக்க எழுந்து வந்த ஜெயக்குமாரிடம் வாக்கியத்தைக் காட்டி, இதன் நீளம் என்ன என்று கேட்டாள். அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

“எழுத்து எத்தினின்னு கேக்குறியா, எடம் எவ்ளோ புடிக்கும்னு கேக்குறியா? ரெண்டும் வேற இல்ல?”

வேறுதான். இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்து அவள் நிரல் எழுதியிருந்தாள்.

எழுத்து உடையாமல் நறுக்குவது அரை நாள் வேலை. அவள் அதோடு விடவில்லை. நறுக்குவதையே எடுத்துவிட வேண்டும், செய்தி நீளமானால் அனுப்புகிறவரிடமே சொல்லிவிட வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் பாண்டியனுக்கு எழுதினாள். வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள் என்று அவர் தயங்கினார். குழலி போனில் பேசினாள்.

“சார், இங்கிலீஷ்ல ‘நாட்’ முன்னாடியே வந்துருது. நமக்கு வராது, இல்ல, வேணாம் எல்லாம் கடைசிலதான் வருது. கடைசிய வெட்டுனா அர்த்தமே மாறிப்போவுது.”

பாண்டியன் கந்தனின் வாக்கியத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு, இரண்டு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு கோப்பு தொடங்கினாள். ஐந்து லைப்ரரிகளும் ஒரே மாதிரி அனுப்பிக் காட்ட வேண்டிய சோதனை வாக்கியங்களின் கோப்பு. லைப்ரரிகளைப் பயன்படுத்துகிற முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் தாய்மொழியில், வால் போனால் பொருள் மாறுகிற ஒரு வாக்கியம் அனுப்புங்கள் என்று கேட்டாள். ஜப்பானிலிருந்து ஒருவர் அனுப்பினார். அங்கும் ‘இல்லை’ கடைசியில்தானாம். துருக்கியிலிருந்து வந்ததில் ‘இல்லை’ வினைச்சொல்லின் நடுவிலேயே ஒளிந்திருந்தது. உருதுவில் ஒன்று வலமிருந்து இடமாக வந்தது. அதன் கடைசி எது என்று அவள் கொஞ்ச நேரம் திகைத்தாள். நூறு வாக்கியங்களைத் தாண்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

புதிய பதிப்பு ஆவணியில் வெளியானது. முணுமுணுப்பு இரண்டு மின்னஞ்சல்களோடு முடிந்தது. கந்தன் தன் செயலியில் புதியதைப் போட்டுக்கொண்டு, எல்லாம் முழுசாக வருவதாகச் சொன்னார். அன்று நின்ற பிள்ளைகளில் ஜீவிதா என்ற பெண், இந்த லைப்ரரி எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். குழலி தன் எண்ணைக் கொடுக்கச் சொன்னாள்.

போன வாரம் ஜரிகைக் கடை வீரபத்திரனிடம் ஒரு தெலுங்கு வாக்கியம் கேட்டு வாங்கினாள். அவர் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. பெண் என்று பொருள்படும் ‘ஸ்த்ரீ’ என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதிக் காட்டி, இது ஒரே எழுத்துதான் என்று சாதித்தார். கணினியில் போட்டுப் பார்த்தாள். ஒரு கணினி மொழியின் பழைய பதிப்பு மூன்று எழுத்து என்றது. அதே மொழியின் புதிய பதிப்பு ஒன்று என்றது. இதை யார், எப்போது மாற்றினார்கள், என்ன சொல்லி மாற்றினார்கள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.